இரும்பு திரும்பி வராது
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "உங்க தொழிலைப் பத்திப் பேசுங்க அண்ணாச்சி, ஆனா பிள்ளைகளுக்குப் பிரயோசனமா இருக்கணும்" என்றார். என் தொழில் எஞ்சின் ரீபோர் போடுவது. நாகர்கோவிலில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பஸ், லாரி, ஜீப்பு, மீன்பிடிப் போட்டு எஞ்சின் என்று எல்லாம் வரும். அதில் ஒருமுறை பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எஞ்சின் பிளாக் வந்தது. அதை வைத்தே இன்று பேசலாம் என்று நினைக்கிறேன். அந்த ஒரு பிளாக்கில் நம் பாடப்புத்தகம் முழுவதும் இருந்தது.

"ஸ்போர்ட்ஸ் காருக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. எம்.ஜி.ஏ. என்ற அந்தக் கார் 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. முதலில் வந்த மாடலுக்கு 1489 சி.சி. எஞ்சின். போர் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். பி.எம்.சி. கம்பெனி அதற்கு 'பி சீரீஸ்' என்று பெயர் வைத்திருந்தது. இந்த அளவைக் கேட்டதும் இங்கே இருக்கும் மூத்த மெக்கானிக்மார் சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆமா, அதேதான்! 1959 முதல் நம் அம்பாசிடர் காருக்குள் உட்கார்ந்திருந்த அதே 1489 சி.சி. எஞ்சின். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளையை ஏற்றிப்போன வண்டிக்கும், இங்கிலாந்தில் பந்தயத்துக்குப் போன வண்டிக்கும் ஒரே குடும்பத்து இதயம். கார்புரேட்டர், கேம் ஷாஃப்ட், கம்ப்ரஷன் விகிதம் எல்லாம் மாறும். அடிப்படை இரும்பு ஒன்றுதான். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் அந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள்.

இது ஒன்று மட்டுமல்ல. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961-இல் செய்யத் தொடங்கிய ஹெரால்டு காரின் எஞ்சின் 948 சி.சி. அதே எஞ்சினின் போரைப் பெரிதாக்கி 1147 சி.சி. ஆக்கித்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு வைத்தார்கள். 1985 முதல் 1988 வரை அதே சென்னைக் கம்பெனி 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைச் செய்தது. அதன் 1991 சி.சி. எஞ்சினின் பூர்வீகம் 1947-இல் வந்த ஸ்டாண்டர்டு வான்கார்டு. அந்தப் பூர்வீகத்திலிருந்தே டிரையம்ப் டி.ஆர்.2 என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரும் வந்தது, ஃபெர்குசன் டிராக்டரும் வந்தது. வயலில் உழுததும் பந்தயத்தில் ஓடியதும் ஒரே தாய்வயிறு!

சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப்பந்தயம் நடந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்தடம் வரும்வரை அதுதான் தென்னாட்டுப் பந்தயக்காரர்களின் கோவில். அங்கே ஓடிய ஃபியட்டுக்கும் ஹெரால்டுக்கும் வெளிநாட்டிலிருந்து எஞ்சின் வரவில்லை. தெருவில் ஓடிய எஞ்சினையே போர் போட்டு, ஹெட்டைச் சீவி, கேமை மாற்றி ஓட்டினார்கள். அந்த வேலையெல்லாம் நம்மைப் போன்ற லேத் பட்டறைகளின் வேலை.

நம் மாவட்டத்துக்கும் இதில் ஒரு பழைய பாத்தியதை உண்டு. இது திருவிதாங்கூரோடு இருந்த காலம். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு போக்குவரத்தைத் தொடங்கியது. லண்டன் போக்குவரத்தில் வேலைபார்த்த சால்ட்டர் என்பவரைக் கொண்டுவந்து பொறுப்பைக் கொடுத்தார்கள். இங்கிலாந்திலிருந்து 60 கோமெட் சேஸிஸ், பெர்கின்ஸ் டீசல் எஞ்சினோடு வந்து இறங்கியது. முதல் வழித்தடமே திருவனந்தபுரம் – கன்னியாகுமரிதான். டீசல் எஞ்சின் என்ற சங்கதி தென்னிந்தியாவில் பல ஊர்களுக்குத் தெரியும் முன்பே நம் சாலையில் ஓடியிருக்கிறது. ஓடுகிற எஞ்சின் தேயும். தேய்ந்தால் யாராவது சரிசெய்தாக வேண்டும். அப்படித்தான் நம் பக்கத்தில் இந்தக் கைவேலை வேர்பிடித்தது. பிறகு கடலில் விசைப்படகுகள் வந்ததும் அது இன்னும் வளர்ந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த எம்.ஜி. பிளாக் திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. கார் சொந்தக்காரரின் தகப்பனார் வாங்கிய வண்டி. எஞ்சின் புகை தள்ளுகிறது, தண்ணீர் குறைகிறது. அவருக்கு ஏற்கெனவே இரண்டு யோசனை கிடைத்திருந்தது. ஒன்று, "அம்பாசிடர் பிளாக்கை மாட்டி விடுங்க, செலவு மிச்சம்." இரண்டு, "60 தௌ ஓவர்சைஸ் போர் போடுங்க, பவரும் கூடும்." தௌ என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 0.0254 மில்லிமீட்டர். மாணவர்கள் இதை மனசில் வச்சுக்கிடுங்க, இனி அடிக்கடி வரும்.

நான் அவரிடம் "முதல்ல கழுவிப் பார்ப்போம் சார், அது வரைக்கும் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றேன். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. அழுக்கோடு இருக்கிற பிளாக்கைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வது, சட்டையைக் கழற்றாமல் டாக்டர் நெஞ்சைச் சோதிப்பது மாதிரி.

எல்லா பிளக்கையும் கழற்றி, ஆயில் போகிற வழிகளைத் திறந்து, காஸ்டிக் சோடாத் தண்ணீரில் வேகவைத்துக் கழுவினோம். வாட்டர் ஜாக்கெட்டிலிருந்து துரு சேறாக வந்தது. கிணற்றுத் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஊற்றி ஓட்டிய எஞ்சின்களில் இது சகஜம். தண்ணீர் மெதுவாக நகர்கிற மூலைகளில் துரு படியும். படிந்த இடத்தில் சூடு வெளியே போகாது. அங்கே சிலிண்டர் கோணும், வெடிக்கும். குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்து பிளாக்கை உடைக்கும். நம் ஊரில் துருவும் சூடும் அந்த வேலையைச் செய்யும்.

அடுத்தது வெடிப்புச் சோதனை. பெரிய பட்டறைகளில் காந்தத்தூள் சோதனை உண்டு, சாயம் ஊற்றிப் பார்ப்பதும் உண்டு. எங்கள் மேஸ்திரி எனக்குக் கற்றுத்தந்தது மண்ணெண்ணெயும் சாக்குப்பொடியும். சந்தேகமுள்ள இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவி, சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்குப்பொடியைத் தூவினால், வெடிப்புக்குள் புகுந்த எண்ணெய் ஊறி வெளியே வந்து ஒரு மெல்லிய கோடு போடும். எளிய வித்தைதான். ஆனால் உள்ளே இருக்கிற வெடிப்பை அது காட்டாது. அதனால் எல்லா ஓட்டைகளையும் தகடு போட்டு அடைத்து, ஜாக்கெட்டுக்குள் சுடுதண்ணீரை அழுத்தத்தோடு விட்டும் பார்த்தோம். மூன்றாவது சிலிண்டருக்குப் பக்கத்தில், வெளிச்சுவரில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு கசிந்தது. தண்ணீர் குறைந்ததற்குக் காரணம் அதுதான்.

பிறகு அளவு. ஒரு சிலிண்டரை ஓர் இடத்தில் அளந்தால் அது அளவே அல்ல. மேலே, நடுவே, கீழே என்று மூன்று மட்டம். ஒவ்வொரு மட்டத்திலும் கிராங்க் ஷாஃப்டின் நீளவாட்டில் ஒன்று, குறுக்குவாட்டில் ஒன்று. ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு, நாலுக்கு இருபத்து நாலு. அதிகத் தேய்மானம் எங்கே இருக்கும்? மேலே, டாப் ரிங் வந்து நின்று திரும்பும் இடத்தில். ஏன் என்று மாணவர்களைக் கேட்டால் "அங்கே சூடு அதிகம்" என்பார்கள். அது பாதி விடை. அந்த இடத்தில் பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது. வேகம் இல்லாவிட்டால் ஆயில் படலம் நிற்காது. அதே கணத்தில்தான் வெடித்த வாயு ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. எண்ணெய் குறைவு, அழுத்தம் அதிகம். பிறகு தேயாமல் என்ன செய்யும்? குறுக்குவாட்டில் பிஸ்டன் சாய்ந்து உரசுவதால் சிலிண்டர் நீள்வட்டமாகவும் ஆகும். ஏர் ஃபில்டர் சரியில்லாத வண்டி நம் ஆரல்வாய்மொழிக் காற்றில் நாலு மாதம் ஓடினால் போதும், மீதி வேலையை மணல் பார்த்துக்கொள்ளும்.

அளக்கும்போது வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். உலகம் முழுக்க அளவுகளுக்கு 20 டிகிரி சென்டிகிரேட் என்று ஒப்பந்தம். நம் பட்டறையில் மதியம் 32 டிகிரி. இரும்பு பிளாக்கும் அலுமினிய பிஸ்டனும் ஒரே மாதிரி விரியாது. 73 மில்லிமீட்டரில் 12 டிகிரி கூடினால் இரும்பு சுமார் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விரியும். அலுமினியம் அதைப்போல இரண்டு பங்கு விரியும். அதனால் பிளாக்கையும் பிஸ்டனையும் முந்தின நாள் ராத்திரியே ஒரே இடத்தில் வைத்துவிட்டு, காலையில் முதல் வேலையாக அளப்போம். ஏசி அறை இல்லாத பட்டறைக்கு விடியற்காலைதான் ஏசி.

அளந்ததில் தெரிந்தது இது. அந்த பிளாக்கை யாரோ ஏற்கெனவே 40 தௌ போர் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேலும் தேய்ந்திருக்கிறது. சுவரின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவி கொண்டு பார்த்தோம். மூன்றாவது சிலிண்டரில், பிஸ்டன் சாய்ந்து அழுத்துகிற பக்கத்தில், மிச்சம் 2.9 மில்லிமீட்டர்தான். எதிர்ப்பக்கத்தில் அதைவிட நன்றாகக் கனம் இருந்தது. வார்ப்பில் மணல் கரு கொஞ்சம் நகர்ந்துவிட்டால் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். வெளியே பார்த்தால் தெரியாது. போதாததற்கு, தண்ணீர்ப் பக்கத்தில் துரு அரித்த குழிகளும் இருந்தன.

இப்போது கணக்குப் போடுங்கள். 40 தௌ போட்ட அந்த எஞ்சின் 1531 சி.சி. ஆகியிருந்தது. 60 தௌ போட்டால் 1552 சி.சி. கூடுவது 21 சி.சி. நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை. சுமார் 70 குதிரைசக்தி எஞ்சினில் அதனால் வருவது ஒரு குதிரை. அந்த ஒரு குதிரைக்காக மூன்றாவது சிலிண்டர் சுவரை 2.65 மில்லிமீட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் சுவர் ஒவ்வொரு வெடிப்பிலும் வளையும். வளைந்தால் ரிங் ஒட்டாது, ஆயில் எரியும். என்றைக்காவது ஒரு துருக்குழி ஓட்டையாகும். அதன்பிறகு அந்த பிளாக் இல்லை.

என் மேஸ்திரி அடிக்கடி சொல்லுவார்: "லேய், மரத்தை வெட்டினா நட்டுக்கிடலாம். இரும்பைச் சீவினா அது திரும்பி வராது." போர் போடுவது என்றால் பிளாக்கின் ஆயுளில் ஒரு பங்கைச் செலவழிப்பது. புது பிளாக் கிடைக்கிற வண்டிக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் இனி உலகத்திலேயே வார்க்கப்படாத ஒரு பிளாக்கில், நாம் சீவுகிற ஒவ்வொரு தௌவும் பின்னால் வருகிறவனுடைய சொத்து. தாத்தா வயலில் வரப்பை வெட்டி விற்கிற மாதிரிதான்.

"அப்ப அம்பாசிடர் பிளாக் போட்டுரலாமா?" என்று சொந்தக்காரர் கேட்டார். ஓடும், சந்தேகமில்லை. ஆனால் பிளாக் என்பது வெறும் இரும்பு அல்ல, அந்த வண்டியின் அடையாளம். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அந்த எஞ்சின் நம்பர். பிளாக்கை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பதிவை மாற்ற வேண்டும். மேலும் 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல், அசல் உருவத்தில் இருக்கும் வண்டிக்குத்தான் அந்தத் தனிப் பதிவு. ஆக, செலவு மிச்சம் பார்த்து பிளாக்கைத் தூக்கிப் போட்டால், வண்டியின் அந்தஸ்தே கேள்விக்குறியாகலாம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு. கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் வி-8 எஞ்சினில், பிளாக்கின் மேல்முகத்தை ஒட்டிய ஒரு சின்ன மேடையில்தான் நம்பரைக் குத்தியிருப்பார்கள். ஹெட் நன்றாக உட்கார வேண்டும் என்று மேல்முகத்தைச் சீவினால் நம்பரும் சேர்ந்து போய்விடும். எஞ்சின் புதுசாகிவிடும், வண்டியின் விலை பாதாளத்துக்குப் போய்விடும். அதனால் எதைச் சீவும் முன்பும், அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கணும். இது இயந்திரத்துக்கு மட்டும் பொருந்துகிற புத்தி இல்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. நாலு சிலிண்டரையும் ஸ்லீவ் போட்டு, 1955-இல் பிறந்த அளவுக்கே திரும்பக் கொண்டுவருவது. வேலை அதிகம், கூலி அதிகம். சொந்தக்காரர் இரண்டு நாள் யோசித்துவிட்டு "அதையே செய்யுங்க" என்றார்.

ஸ்லீவில் இரண்டு ஜாதி. வெளிப்பக்கத்தில் நேராகத் தண்ணீர் படுவது ஈர லைனர். முன்பு சொன்ன வான்கார்டு, டி.ஆர்.2 எஞ்சின்களில் அது. தேய்ந்தால் உருவிவிட்டுப் புதுசு போடலாம். கீழே எட்டு வடிவத்தில் கேஸ்கட் இருக்கும். லைனரின் தலை பிளாக் முகத்தைவிட 3 முதல் 5 தௌ உயர்ந்து நிற்கணும், அப்போதுதான் ஹெட் கேஸ்கட் அதைக் கவ்வும். பிளாக்கின் இரும்புச் சுவருக்குள் இறுகி உட்கார்வது உலர் ஸ்லீவ். நம் எம்.ஜி.க்கு இதுதான். மெல்லிய சுவர் ஸ்லீவைத் தேர்ந்தெடுத்தோம், 1/16 அங்குலக் கனம். அதற்காகப் போரை 3 அங்குலத்துக்குப் பெரிதாக்கணும். மெலிந்த இடத்தில் பழைய சுவர் 1.8 மில்லிமீட்டர் மிஞ்சும், அதோடு ஸ்லீவின் 1.6 சேரும். மொத்தம் 3.4. முன்பிருந்ததைவிடப் பலம். வருங்காலத்தில் ஒரு முறை ஓவர்சைஸ் போடவும் இடம் உண்டு.

போர் போடுவதில் முக்கியம், எதை ஆதாரமாகப் பிடிக்கிறோம் என்பது. பிளாக்கின் மேல்முகத்தில் உட்காரவைத்து ஓட்டும் பழைய போரிங் பார் சீக்கிரம் வேலை முடிக்கும். ஆனால் மேல்முகமே சாய்ந்திருந்தால் சிலிண்டரும் சாயும். அதனால் மெயின் பேரிங் வரிசையை ஆதாரமாகப் பிடித்தோம். சிலிண்டர் கிராங்க் ஷாஃப்டுக்குச் செங்குத்தாக இருக்கணும், அதுதான் அதற்குக் கடவுள். மையம் பிடிப்பது சிலிண்டரின் அடியில், தேயாத இடத்தில். மேலே தேய்ந்த இடத்தில் மையம் பிடித்தால் தேய்மானத்தையே நிரந்தரமாக்கிவிடுவோம். போரின் அடியில் ஒரு சின்னப் படி விட்டோம், ஸ்லீவ் கீழே இறங்காமல் இருக்க. சுவர் மெலிவாக இருந்ததால் பிடிமானத்தையும் லேசாகவே வைத்தோம். ரொம்ப இறுக்கினால் ஸ்லீவே பிளாக்கைப் பிளந்துவிடும்.

வெளிச்சுவர் வெடிப்பை வெல்டு செய்யச் சொன்னவர்களும் உண்டு. வார்ப்பிரும்பில் கார்பன் நூற்றுக்கு மூன்று அளவில் இருக்கும். வெல்டு செய்த இடம் சட்டென்று ஆறினால் கண்ணாடி மாதிரி இறுகி, பக்கத்திலேயே புதுசாக வெடிக்கும். பிளாக் முழுவதையும் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் செய்யலாம். ஆனால் அளவெல்லாம் கோணும் ஆபத்து உண்டு. நாங்கள் குளிர்முறையில் தைத்தோம். வெடிப்பின் நீளத்துக்கு, ஒன்றை ஒன்று கவ்வுகிற மாதிரித் திருகு ஆணிகளை வரிசையாகப் போட்டு, தலையை வெட்டி அரத்தால் சமன் செய்வது. துணி தைப்பது போலத்தான். வடசேரியில் கோவில் நகை செய்கிற ஆசாரிமார் கல் பதிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பொறுமை வேணும்.

கடைசியில் ஹோனிங். போரிங் முடிந்ததும் இரண்டு மூன்று தௌவை விட்டுவைத்து, அதைக் கல்லால் தேய்த்து எடுக்கணும். வெட்டிய முகம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் மேல்தோல் பிய்ந்திருக்கும். ஹோனிங் கல் அந்தத் தோலை எடுத்து, குறுக்குநெடுக்காகக் கோடு போடும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். இதில் ஒரு விசேஷம்: ஹெட் போல்ட்டை முறுக்கியதும் சிலிண்டர் லேசாகக் கோணும். ஹெட் இல்லாமல் வட்டமாகத் தேய்த்தது, ஹெட் மாட்டியதும் வட்டமாக இருக்காது. அதனால் கனமான இரும்புத் தகடு ஒன்றில் நாலு வட்டம் வெட்டி, அதை ஹெட்டின் இடத்தில் கேஸ்கட்டோடு அதே முறுக்கில் இறுக்கி, அதன் வழியாக ஹோன் செய்தோம். எஞ்சின் ஓடும்போது எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலையிலேயே அதை வட்டமாக்குகிறோம். தகடு செய்ய மூன்று நாள் ஆனது. தகடு இப்போதும் பட்டறையில் இருக்கிறது, அம்பாசிடருக்கும் உதவும்.

ஹோன் முடிந்ததும் பலர் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவுவார்கள். அது போதாது. கல்தூளை அது கோடுகளுக்குள் இன்னும் உட்காரவைக்கும். சுடுதண்ணீர், சோப்பு, தேய்க்கிற பிரஷ், இவ்வளவுதான். வெள்ளைத்துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவணும். கழுவிய கையோடு ஆயில் தடவணும். நம் ஊர் கடற்காற்றில் பச்சை இரும்பு டீ குடித்து வரும் நேரத்தில் சிவந்துவிடும்.

எஞ்சின் சேர்ந்தது, ஓடியது, புகை இல்லை. அதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல வேலையின் அடையாளமே, அதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போவதுதான்.

நண்பர்களே, நான் இன்று சொல்லவந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். அந்த எம்.ஜி. பிளாக் வேலை நடந்தபோது பட்டறையில் ஏழெட்டுப் போட்டு எஞ்சின்கள் காத்துக்கிடந்தன. நம் மாவட்டத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். எஞ்சின் வேலை எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். தடை முடிகிற அன்று எஞ்சின் படகில் இருந்தாக வேண்டும்.

சின்னமுட்டத்திலிருந்து வந்த ஒரு போட்டுக்காரர், நான் அந்தத் தகட்டை அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, இது பணக்காரன் வண்டி, இம்புட்டு நோக்கிச் செய்யுதியரு. நம்ம எஞ்சினுக்கு இதெல்லாம் உண்டுமா?" என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்டதாகத்தான் தோன்றியது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் கார் வழியில் நின்றால் சொந்தக்காரர் இறங்கி, டாக்சி பிடித்து வீட்டுக்குப் போவார். கரையிலிருந்து பல மைல் தள்ளி, காற்று மாறின நேரத்தில் போட்டு எஞ்சின் சீஸ் ஆனால் ஏழெட்டுப் பேர் என்ன ஆவார்கள்? அப்படியானால் இருபத்து நாலு அளவும் விடியற்காலை மைக்ரோமீட்டரும் யாருக்கு அதிகம் தேவை?

அன்றைக்கே ஒரு முடிவு செய்தேன். அந்த சீசனிலிருந்து எந்த எஞ்சின் வந்தாலும் ஒரே முறைதான். கழுவாமல் அளப்பதில்லை. அளந்ததைத் தாளில் எழுதி, சொந்தக்காரர் கையில் ஒரு நகல் கொடுக்கிறோம். எவ்வளவு இரும்பு எடுத்தோம், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதில் இருக்கும். அடுத்த முறை அவர் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்தத் தாள் பேசும். கூலி கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் இதுவரை அந்தத் தாளை வேண்டாம் என்று சொன்னவர் யாரும் இல்லை.

மாணவச் செல்வங்களே, நீங்கள் வேலைக்குப் போகிற காலத்தில் இரும்பு பிளாக்குகள் குறைந்துகொண்டே வரும். இப்போதே பல கார்களில் அலுமினிய பிளாக். சிலவற்றில் சிலிண்டர் சுவரில் மெல்லிய பூச்சு மட்டும்தான், பழைய மாதிரி போர் போட வழியில்லை. மின்சார வண்டியில் சிலிண்டரே இல்லை. "அப்ப இந்த வித்தை எதுக்கு?" என்று கேட்பீர்கள். கேட்கணும். ஆதாரம் எது என்று பார்த்துப் பிடிப்பது, தேய்ந்த இடத்தில் மையம் பிடிக்காமல் இருப்பது, வேலைசெய்யும் நிலையிலேயே வைத்துச் சோதிப்பது, எடுப்பதற்கு முன் மிச்சத்தை அளப்பது. இதெல்லாம் மின்சார மோட்டாரின் பேரிங்குக்கும் பொருந்தும், ராக்கெட்டுக்கும் பொருந்தும். நம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே, மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறார்கள். அங்கே போய் நிற்கிற கையும் முதலில் ஓர் இரும்புத்துண்டைத்தான் சரியாக அளந்திருக்கும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

முடிவாக, சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. புத்தகத்தில் பிளாக்கின் படம் இருக்கிறது. படத்தில் எல்லாச் சுவரும் ஒரே கனம். நிஜத்தில் அப்படி இல்லை என்பதைப் பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்க்கணும். இனி உதவாத அம்பாசிடர் பிளாக் ஒன்று என் பட்டறையில் கிடக்கிறது. அதைக் குறுக்கே அறுத்து, சுவர் கனம், தண்ணீர் வழி, ஆயில் வழி எல்லாம் தெரிகிற மாதிரிச் சாயம் பூசி, நம் கல்லூரி ஒர்க் ஷாப்புக்குத் தருகிறேன். அறுக்கிற கூலி என்னுடையது. தூக்கிவர ஆள் மட்டும் பின்வரிசையிலிருந்து அனுப்பி வையுங்கள். கூடவே சங்கம் ஒரு போர் கேஜும் ஒரு நல்ல மைக்ரோமீட்டரும் வாங்கித் தரட்டும். அவற்றைப் பீரோவில் பூட்டி வைக்காமல், முதலாண்டு மாணவன் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒருமுறை கீழே விழுந்து கெட்டால் கெடட்டும். கருவியை மறுபடி வாங்கிக்கிடலாம்.